கடலுக்கு அடியில் ஒரு பல்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அம்மாவைக் கேட்டால் "பிட்டு கம்பெனி" என்பாள். கேட்டவர்கள் பரீட்சைக்குப் பிட்டு எழுதித் தருகிற இடம் போலிருக்கிறது என்று சிரிப்பார்கள். முதலில் எனக்குக் கோபம் வரும். எனக்கு எதற்குமே சீக்கிரம் கோபம் வந்துவிடும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நானே விளக்க ஆரம்பித்தேன். கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணறு தோண்டுகிறார்கள். கீழே இறங்குகிற குழாயின் நுனியில் பூசணிக்காய் பருமனுக்கு ஓர் உலோகத் தலை சுற்றும். பாறையைக் குடைவது அதுதான். அதற்குப் பெயர் பிட். எந்தப் பாறைக்கு எந்தப் பிட் போகவேண்டும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

"காஞ்சிபுரத்துல ஏதுமா கடலு?" என்பது அடுத்த கேள்வி. கடல் இல்லைதான். கடலில் தேய்ந்த பிட்டுகள் துறைமுகத்தில் இறங்கி, லாரி ஏறி, ஐயம்பேட்டையைத் தாண்டி இருக்கிற எங்கள் பட்டறைக்கு வருகின்றன. நாங்கள் பழுது பார்த்துத் திருப்பி அனுப்புகிறோம். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போய் வருகிற என் கைகளில் வங்கக்கடலின் அடிச்சேறு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

பிட்டில் எங்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டு ஜாதி. ஒன்று பல் வைத்தது. மூன்று உருளைகள் உருண்டு உருண்டு, அவற்றில் பதித்திருக்கும் பற்கள் பாறையை நொறுக்கும். இன்னொன்று வைரம் வைத்தது. அதில் உருள்வது எதுவும் கிடையாது. பூவிதழ் போல நிற்கும் உலோகத் தகடுகளின் விளிம்பில் கறுப்பான வைர வில்லைகள் வரிசையாக இருக்கும். அவை பாறையைச் சீவிக்கொண்டு போகும். அந்த வில்லைகளுக்குப் பட்டறையில் நாங்கள் வைத்த பெயர் பொட்டு. அளவும் நிறமும் ஏறக்குறைய அப்படித்தான். பெயர் வைத்தவர் பொட்டுகளைப் பற்றவைக்கிற அண்ணன். பிள்ளையார்பாளையத்துக்காரர். வீட்டில் மூன்று தறி நன்றாகவே ஓடுகிறது. தம்பிகள் நெய்கிறார்கள். இவருக்கு நெருப்போடு வேலை செய்யத்தான் பிடித்தது என்பதால் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

மூன்று வருஷம் நான் கழுவும் மேடையில் நின்றேன். திரும்பி வந்த பிட்டைக் கழுவி, எண்ணி, எங்கே தேய்ந்தது, எங்கே உடைந்தது என்று பதிவேட்டில் எழுதுவது. கேவலமான வேலை என்று சிலர் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கடலுக்கு அடியில் இருக்கிற பாறையை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அது பிட்டைக் கடித்த தடத்தைத்தான் பார்க்கிறோம். மணற்பாறை மழமழவென்று தேய்க்கும். இறுகின சுண்ணாம்புப் பாறை விளிம்பைச் சில்லு சில்லாகப் பெயர்க்கும். சூடு ஏறினால் பொட்டில் மயிர்க்கோடாக விரிசல் ஓடும். மூன்று வருஷத்தில் எனக்கு அந்தத் தடங்கள் முகம் மாதிரி பழகிவிட்டன.

அதனால்தான், எல்லோரும் பயந்த அந்தக் கிணறு வந்தபோது நான் வாயைத் திறந்தேன். அங்கே ஒரு பகுதி. மெத்தென்ற களிப்பாறையும் சாணைக்கல் மாதிரியான மணற்பாறையும் சில மீட்டருக்கு ஒருமுறை மாறி மாறி வரும். பக்கத்துக் கிணறுகளில் அந்தப் பகுதியைக் கடக்கப் பல் வைத்த பிட்டை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் குழாயை முழுக்க மேலே இழுத்துத் திரும்ப இறக்க ஒரு நாளைக்கு மேல் பிடிக்கும். நான் அந்தக் கிணறுகளின் பழைய பிட்டுகளைப் பார்த்தவள். வைரம் தாங்கும் என்று சொன்னேன். ஆறு இதழ், சின்னப் பொட்டு, பிட்டின் வெளிவளைவான தோள்பட்டையில் மட்டும் பின்னால் இன்னொரு வரிசை. முன்வரிசை தேய்ந்தால் பின்வரிசை வாங்கிக்கொள்ளும். மேலாளர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, பிட்டைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று எழுதுகிற தேர்வுத் தாளில் என் பெயரைப் போட்டார். முதல் தடவை. அன்றைக்கு அரை கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

என் பிட் முப்பது மீட்டர் குடைந்துவிட்டு நின்றுபோனது. மேலே இழுத்துப் பார்த்தால் பொட்டுகள் சிதறியிருந்தன. படம் வாட்ஸப்பில் வந்தது. எங்கள் சென்னை அலுவலகத்தில், "அந்தக் கல்லுக்கு வைரம் ஒத்துவராதுன்னு அப்பவே சொன்னோமே" என்றார்கள். அப்போது ஒருவரும் சொல்லவில்லை. மேலாளர் என்னைத் திட்டக்கூட இல்லை. "ஏம்மா, கொஞ்ச நாளைக்கு மறுபடி மேடையைப் பாத்துக்கினு இரு" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குள் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம். கிணற்றைச் சேற்றால் நிரப்பி மூடிவிட்டு ஆட்களைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வேலை நின்றது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் காணொளியில் கூட்டம் என்று தகவல் வந்தது. அடுத்த பிட் எது என்று கிணற்றின் தலைமைப் பொறியாளர் அதில் முடிவு செய்வார். பல் வைத்தது என்று முடிவானால் என் ஆறிதழ் அதோடு சரி. தேர்வுத் தாளில் என் பெயர் இனி எப்போது வருமோ தெரியாது. எனக்கு அது தாங்கமுடியாததாக இருந்தது. தோற்றதால் அல்ல. அந்தப் பாறையை நான் தப்பாகப் படிக்கவில்லை என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது.

கரைக்கு வந்த படகிலேயே என் பிட்டும் வந்துவிட்டது. வியாழக்கிழமை காலையில் கொட்டுகிற மழையில் லாரி வந்து நின்றது. "பிட்டு மேல யாரும் தண்ணி அடிக்காதீங்க" என்று கத்தினேன். பற்றவைக்கிற அண்ணன் தொப்பலாக நனைந்து தாமதமாக வந்தார்.

"குழித்தறியில தண்ணி ஏறிக்கினு இருக்குதுமா. தம்பிங்களும் நானும் விடியறதிலேர்ந்து மொண்டு ஊத்திக்கினு இருந்தோம். இன்னா, பிட்டு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. பாருங்கணா, இது கல்லு கடிச்ச மாதிரியா இருக்குது?"

சேற்றை விரலால் வழித்துவிட்டுக் காட்டினேன். வெளிப்பக்கத்துப் பொட்டுகள் நாங்கள் அனுப்பினபோது இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தன. தோள்பட்டையில் தேய்மானமே இல்லை. நடுவில் ஒரே ஒரு வளையத்தில் மட்டும் அத்தனை பொட்டும் நொறுங்கியிருந்தது. இதழ்களுக்கு நடுவில் உலோகத்தில் ஆழமான கீறல்கள் வேறு. பாறை கடித்தால் எல்லா இடத்திலும் கடிக்கும். ஒரு வளையத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கடிக்காது. கீழே ஏதோ ஒன்று தனியாகக் கிடந்திருக்கிறது, பாறையைவிடக் கெட்டியாக. என் பிட் அதன்மேல் ஏறிச் சுற்றியிருக்கிறது.

அண்ணன் குனிந்து ஒரு கீறலில் நகத்தை விட்டுப் பார்த்தார். "இது பல்லு வேலைமா" என்றார்.

எனக்கும் அதுதான் தோன்றியது. என் பிட்டுக்கு முன்னால் மேல்பகுதியைத் தோண்டியது பல் வைத்த பிட். அதுவும் எங்கள் பட்டறையிலிருந்து போனதுதான். அதன் பற்களில் ஒன்று கழன்று கிணற்றிலேயே தங்கியிருந்தால் எல்லாம் சரியாகப் பொருந்தும். ஓடிப்போய்ப் பதிவேட்டை எடுத்தேன். எங்கள் பட்டறையில் பல் வைத்த பிட்டை அனுப்பும்போது வரிசை வரிசையாகப் பற்களை எண்ணி எழுதுவோம். திரும்பி வந்ததும் மறுபடி எண்ணுவோம். ஒன்று குறைந்தால் கிணற்றுக்காரர்களுக்கு உடனே சொல்லியாகவேண்டும். பதிவேட்டில் போனதும் வந்ததும் ஒரே எண்ணிக்கை. ஒரு பல்கூடக் குறையவில்லை. எழுதியிருப்பது என் கையெழுத்து.

பதிவேட்டைப் படாரென்று மூடினேன். அன்று முழுக்க எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். டீ கொண்டுவந்தவரைக்கூட விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வேறு வழி தெரியாமல் அந்தப் பழைய பிட்டின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பதிவேட்டை ஒப்பிட்டேன். எல்லா வரிசையும் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. முதல் உருளையின் வெளிவரிசையில் வரைபடம் பதினைந்து பல் என்றது. என் பதிவேட்டில் போனதும் பதினாலு, வந்ததும் பதினாலு. திரும்பி வந்தபோது எண்ணியது நான் மட்டும். அனுப்பும்போது எண்ணியது இரண்டு பேர். அண்ணன் பல்லைத் தொட்டுத் தொட்டுச் சொல்ல, நான் கோடு போட்டேன்.

"அண்ணா, நீங்கதானே எண்ணுனீங்க? பதினாலுன்னா சொன்னீங்க?"

"நான் ஏன்மா பதினாலு சொல்றேன்? எண்ணுறதுல நம்ம கிட்ட தப்பு வராது. வா, எண்ணிக் காட்டறேன்."

பக்கத்தில் நின்ற வேறொரு பிட்டின் முதல் பல்லைத் தொட்டார். "லாபம்" என்றார். அடுத்ததைத் தொட்டு "ரெண்டு" என்றார். "மூணு... நாலு..."

நான் பதிவேட்டைப் பார்த்தேன். அந்தப் பக்கத்தின் உச்சியில், கோடுகளுக்கு மேலே, அழகாக ஒரு பிள்ளையார் சுழி இருந்தது.

என் அப்பா செங்கல் வியாபாரம் செய்தவர். லோடு எண்ணும்போது முதலில் அடுக்கைத் தொட்டுக் கும்பிட்டு "லாபம்" என்பார். அதற்கப்புறம் ஒன்று, இரண்டு என்று ஆரம்பிப்பார். எங்கள் வீட்டில் லாபம் என்பது எண்ணுவதற்கு முன்னால் சொல்கிற நல்ல வார்த்தை. அண்ணன் வீட்டில் பட்டுநூல் கட்டுகளை எண்ணும்போது முதல் கட்டே லாபம். அவர்களுக்கு அதுதான் ஒன்று. அன்றைக்குப் பட்டறையில் கம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்ன எண்களை நான் கவனிக்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கோடு போட்டேன். அவர் "லாபம்" என்று முதல் பல்லைத் தொட்டபோது நான் பக்தியாகப் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். பதினைந்து பல்லுக்குப் பதினாலு கோடு. அடுத்தடுத்த வரிசைகளை அவர் ஒன்றிலிருந்தே ஆரம்பித்திருக்கிறார், அதனால் அவை சரியாக வந்துவிட்டன. கடலில் ஒரு பல்லைத் தொலைத்துவிட்டு அந்தப் பிட் வந்தபோது பதிவேடு அதை வரவேற்று உட்காரவைத்துவிட்டது.

"பழைய பிட்டு எங்கணா?"

"காயலான் குவியல்லதான் கெடக்குது."

இரண்டு பேரும் மழையில் கொல்லைப்பக்கம் ஓடினோம். தார்ப்பாயைத் தூக்கி, நாலைந்து பிட்டுகளைப் புரட்டித் தள்ளி அதைக் கண்டுபிடித்தோம். அந்த ரகத்தில் பற்களைச் சம இடைவெளியில் வைக்கமாட்டார்கள். அதே பள்ளத்தில் திரும்பத் திரும்ப விழாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. அதனால் வரிசையில் ஓர் இடம் அகலமாக இருப்பது யார் கண்ணையும் உறுத்தவில்லை. அந்த அகலமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் குத்தினேன். இரும்பு என்று நினைத்தது களிமண். இறுகிக் கல்லாகிப்போன களிமண் வில்லையாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே வட்டமான வெற்றுக்குழி. சுண்டுவிரல் நுனி அதில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

நான் மழையிலேயே குதித்தேன். "என் பிட்டு மேல தப்பில்லணா! கல்லைச் சரியாத்தான் படிச்சிருக்கேன்!" என்று கத்தினேன். கத்தி முடித்ததும்தான் பதிவேடு நினைவுக்கு வந்தது. பல் கீழே கிடக்கிறது என்று சொன்னால், உங்கள் பதிவேடு அப்படிச் சொல்லவில்லையே என்பார்கள். பிட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் பதிவேட்டைக் கெடுத்தது நான்தான் என்று சொல்லவேண்டும். பதினைந்து வரை எண்ணத் தெரியாதவள் தேர்ந்தெடுத்த பிட்டை யார் நம்பிக் கடலுக்குள் இறக்குவார்கள்?

அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "நான் தப்பா எண்ணிட்டேன்னு சொல்லிடறேன்மா. எனக்கு இன்னா, நான் நெருப்பு வெக்கிற ஆளு."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. "உங்க எண்ணிக்கை சரிணா. கோடுதான் தப்பு. கோடு போட்டது நானு" என்றேன்.

நாலு மணிக்குத் திரையில் தலைமைப் பொறியாளர் வந்தார். ஆந்திரப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், தெலுங்கு ராகத்தில். நான் என் பிட்டைக் காட்டினேன், ஒற்றை வளையத்தைக் காட்டினேன், பழைய பிட்டின் வெற்றுக்குழியைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நான் பயந்த கேள்வியையே கேட்டார்.

"எல்லாப் பல்லும் திரும்பி வந்திருச்சுன்னு உங்க ரிஜிஸ்டர் சொல்லுதே. அது எப்படிமா?"

மேலாளர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். சமாளி என்று அர்த்தம். எனக்குச் சமாளிக்கத் தெரியாது. பதிவேட்டைத் தூக்கிக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். பிள்ளையார் சுழியைக் காட்டினேன். அப்பாவின் செங்கல்லையும் அண்ணனின் பட்டுநூலையும் சொன்னேன். "தப்பு என்னுதுதான் சார். முதல் கோட்டை நான் போடல" என்றேன்.

அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பார்த்தால் அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறார்.

"எங்க ஊர்லயும் அப்படித்தான்மா. எங்க தாத்தா நெல்லு அளக்கறப்போ லாபம், ரெண்டு, மூடுன்னுதான் அளப்பாரு. ஒகட்டி, அதான் ஒண்ணுன்னு, அவர் வாயில நான் கேட்டதே இல்ல." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சரி. அடியில துப்புரவு பண்ற கூடையை ஒரு தடவை எறக்கறேன். அதுக்கே ஒரு நாள் போயிரும். கூடை காலியா வந்தா?"

"பல்லு வெச்ச பிட்டையே எறக்குங்க சார். நான் மேடைக்கே போயிடறேன்."

"பல்லு வந்தா?"

"என் பிட்டை எறக்குங்க."

மேலாளர் மூச்சுவிடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

மழை விட்டது. படகில் இரண்டு பெட்டிகள் போயின. ஒன்றில் பல் வைத்தது, ஒன்றில் என் ஆறிதழ். அதே அச்சில் இன்னொன்று பட்டறையில் ஏறக்குறைய தயாராக இருந்தது. கடைசிப் பொட்டுகளை அண்ணன் பற்றவைத்தபோது நான் பக்கத்திலேயே நின்று தொந்தரவு செய்தேன். "தள்ளி நில்லுமா, கை ஒழுங்கா ஓடட்டும்" என்று விரட்டினார். சந்தனம் குங்குமம் வைத்து அனுப்பினோம். எல்லாப் பிட்டுக்கும் செய்வதுதான். இதற்குக் கொஞ்சம் அதிகமாகவே அப்பிவிட்டேன்.

செய்தி வந்தபோது நான் ஷேர் ஆட்டோவில் இருந்தேன். காலை நேரம், ஆறு பேர் உட்காருகிற இடத்தில் ஒன்பது பேர். தலைமைப் பொறியாளர் ஒரு படம் அனுப்பியிருந்தார். சேறு அப்பின கையுறை. உள்ளங்கையில் மூன்று துண்டாக உடைந்த பல். கூடவே என் பொட்டுகளின் கறுப்புச் சில்லுகள். நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் இருந்த அம்மாள் பூக்கூடையை நழுவவிட்டாள்.

"இன்னாமா, வேலை கெடச்சிடுச்சா?"

"பல்லு கெடச்சிடுச்சுக்கா!" என்றேன். அவள் என் வாயை உற்றுப் பார்த்தாள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. என் பிட் இறங்கியது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எத்தனை மீட்டர் என்று செய்தி வரும். சாணைக்கல் மணற்பாறையில் புகுந்தது, வெளியே வந்தது, மறுபடி புகுந்தது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்த ஆழத்தைத் தாண்டியது. அங்கே நின்றுவிடும் என்று எங்கள் சென்னை அலுவலகத்தில் பந்தயம் கட்டியவர்கள் அப்புறம் தொலைபேசியை எடுக்கவே இல்லை. அந்தப் பகுதி முழுவதையும் ஒரே பிட், ஒரு தடவைகூட மேலே வராமல், அடிவரை குடைந்து முடித்தது. அந்த வட்டாரத்தில் அதற்குமுன் யாரும் அப்படிச் செய்ததில்லை. மேலாளர் தானாக எழுந்துபோய்ப் பட்டறை முழுக்கச் சமோசா வாங்கிவந்தார். நான் நாலு தின்றேன். அன்று சாயங்காலம் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கினேன். இந்தத் தடவை அவசரம் எதுவும் இல்லை. அம்மா தெருவில் எல்லோர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். "எம் பொண்ணு பிட்டு பாஸாயிடுச்சு" என்று சொன்னாளாம். நான் திருத்தவில்லை.

தலைமைப் பொறியாளர் அன்றிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏம்மா லாபம், அடுத்த கிணத்துக்கு எந்தப் பிட்டு?" என்றுதான் ஆரம்பிப்பார். மேலாளர் தேர்வுத் தாளில் என் பெயரை இப்போது யோசிக்காமல் எழுதுகிறார். கழுவும் மேடையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தடம் அங்கேதான் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பிட் ஊர் திரும்பியது. லாரியிலிருந்து இறக்கி, மேடையில் வைத்து, நானே கழுவினேன். தோள்பட்டையில் முன்வரிசை பாதி தேய்ந்திருந்தது. நான் சொன்ன இடத்தில், நான் சொன்ன மாதிரி, வழவழவென்று. பின்வரிசை அதை வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு பொட்டுகூட விழவில்லை. ரொம்ப நேரம் அதைத் தடவிக்கொண்டே நின்றேன். வைரப் பிட்டையும் எண்ணித்தான் வாங்கவேண்டும் என்பது இப்போது நான் கொண்டுவந்திருக்கிற விதி. கம்பிரசரை நிறுத்தச் சொன்னேன். பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பிப் பேனாவை எடுத்தேன்.

அண்ணன் முதல் பொட்டைத் தொட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "லாபம்" என்றார்.

நான் முதல் கோட்டைப் போட்டேன்.